மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மானுடவியலாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சுற்றியுள்ள பாலை நிலத்துக்கு 1894 முதல் 1930-கள் வரை அடுத்தடுத்து ஆராய்ச்சிக் குழுக்கள் போயின. அங்கே வாழும் பூர்வகுடிகளின் சடங்கு, உறவுமுறை, உடல், பாட்டு எல்லாவற்றையும் எழுதி, அளந்து, படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் கீழே. சில பதில்கள் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான பயணங்கள் எவை?

1894-ல் ஹார்ன் பயணம். 1896 கடைசியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மெல்பர்ன் பேராசிரியர் பால்ட்வின் ஸ்பென்சரும் தந்தி அலுவலர் பிராங்க் கில்லனும் அந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான அரண்டா மக்களின் பெரிய சடங்கு ஒன்றைப் பக்கத்திலேயே தங்கி எழுதியது. 1901-02-ல் அதே இருவரும் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தது. அப்புறம் 1926-ல் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் அமைந்த மானுடவியல் ஆய்வு வாரியம், தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து கிட்டத்தட்ட ஆண்டுதோறும் அனுப்பிய குழுக்கள்: 1929 ஹெர்மான்ஸ்பர்க், 1931 காக்கட்டூ கிரீக், 1932 மவுண்ட் லீபிக், 1935 வார்பர்ட்டன் என்று அது நீளும். இவற்றோடு கார்ல் ஸ்ட்ரெலோ என்ற ஜெர்மன் பாதிரியாரையும் சேர்க்க வேண்டும். அவர் பயணம் என்று எதுவும் போகவில்லை, ஹெர்மான்ஸ்பர்க் மிஷனிலேயே குடியிருந்தார். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே நடந்த மிக ஆழமான வேலை அவருடையதுதான் என்பது என் கருத்து.

அந்த மக்கள் அதுவரை வெளியாட்களையே பார்க்காதவர்களா?

இல்லை. இந்தத் தப்பெண்ணம்தான் எல்லாவற்றையும் குழப்புகிறது. அடிலெய்டையும் டார்வினையும் இணைத்த தந்திக் கம்பி 1872-ல் முடிந்தது. அதற்காகப் பாலைவனத்தின் நடுவே, தண்ணீர் கிடைக்கும் இடங்களில் பார்த்துப் பார்த்து நிலையங்கள் கட்டினார்கள். தண்ணீர் இருக்கும் இடம் என்றால் அது ஏற்கெனவே யாரோ ஒருவருடைய இடம், பெரும்பாலும் புனித இடமும்கூட. பின்னாலேயே மாட்டுப் பண்ணைகள் வந்தன. 1877-ல் ஹெர்மான்ஸ்பர்க்கில் லூத்தரன் மிஷன் வந்தது. மாடுகள் நீர்நிலைகளை மிதித்துப் பாழாக்க, பசித்தவர்கள் மாடுகளை ஈட்டியால் குத்த, அதற்குப் பதிலடியாக போலீஸ் துப்பாக்கியோடு கிளம்ப, ஹார்ன் குழு அங்கே போய்ச் சேர்ந்தபோது இந்தச் சண்டைக்கு இருபது வயது ஆகியிருந்தது.

ஆகவே "தொடாத கற்கால மக்களைக் கண்டோம்" என்று அந்தக் காலப் புத்தகங்கள் எழுதியதை அப்படியே நம்ப வேண்டாம். அவர்கள் பார்த்தது ஒரு தலைமுறைக் காலம் அடிபட்டு, அதற்கு நடுவிலும் தங்கள் சட்டத்தையும் சடங்கையும் விடாமல் வைத்திருந்தவர்களை.

ஹார்ன் பயணத்துக்குப் பணம் கொடுத்தது யார்? என்ன சாதித்தது?

வில்லியம் ஆஸ்டின் ஹார்ன், தெற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க முதலாளி. ஊட்னடாட்டா வரை ரயில், அதற்கு மேல் ஒட்டகம். வின்னெக்கி என்ற நில அளவையாளர் தலைவர். உயிரியலுக்கு மெல்பர்ன் பேராசிரியர் ஸ்பென்சர், மானுடவியலுக்கு அடிலெய்டு அருங்காட்சியகத்தின் ஸ்டர்லிங், பாறையும் தாவரமும் பார்க்க ரால்ஃப் டேட். 1896-ல் அறிக்கை நான்கு தொகுதிகளாக வந்தது. பல்லி, நத்தை, பாறை விஷயத்தில் அது நல்ல வேலை. மக்களைப் பற்றிய பகுதி அவசரத்தில் எழுதியது, ஓடும் வண்டியிலிருந்து வேடிக்கை பார்ப்பவர் எழுதுவதுபோலத்தான் இருக்கும்.

ஒரு காரியம் மட்டும் மறக்கக்கூடாதது. மலைக் குகை ஒன்றில் முன்னோர்களின் புனிதப் பொருட்களை, ஜுருங்கா என்று சொல்லப்படும் கல்லும் மரமுமான பலகைகளை, அந்த நிலத்துக்காரர்கள் ஒளித்துக் காத்துவந்தார்கள். மனமில்லாமல் வழிகாட்டிய ஒருவரை வைத்து குழுவினர் அங்கே போய் அவற்றில் பலவற்றை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்குக் கோடரியும் கத்தியும் வைத்துவிட்டு வந்தார்களாம். வாங்கியதாகக் கணக்கு! விற்கிறவர் அங்கே இல்லை என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை. இப்படி இடத்தைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு அவர்கள் சமூகத்தில் மரணம்கூடத் தண்டனையாக வரலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. கில்லனே தம்முடைய சேகரிப்புக்காகக் குகைகளைக் காலி செய்ய இடம் கொடுத்திருந்தவர், 1897 வாக்கில் இதை உணர்ந்து, இனி இந்தக் கொள்ளை கூடாது என்று ஸ்பென்சருக்குக் கடிதம் எழுதினார்.

கில்லன் மானுடவியல் படித்தவரா?

இல்லை, தந்தி அலுவலர். 1855-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே வேலைக்கு வந்து, 1875-ல் சார்லட் வாட்டர்ஸ் தந்தி நிலையம் போய்ச் சேர்ந்து, 1892-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நிலையத்தின் தலைவர் ஆனார். அந்த ஊரில் நிலையத் தலைவர் என்றால் சின்ன அரசாங்கம் மாதிரி: தபால், தந்தி, நீதிபதி, பூர்வகுடிகளின் துணைப் பாதுகாவலர், எல்லாப் பதவியும் ஒரே ஆளிடம்.

அவர்மீது மக்களுக்கு ஓரளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வில்ஷையர் என்று ஒரு குதிரைப் போலீஸ்காரர், சுட்டுத் தள்ளுவதில் பெயர் பெற்றவர். 1891-ல் டெம்ப் டவுன்ஸ் பண்ணையில் இரண்டு பூர்வகுடி ஆண்கள் கொல்லப்பட்டபோது, விசாரித்து அவர்மீது கொலைக் குற்றம் சாட்டியவர் கில்லன். போர்ட் அகஸ்டாவில் வழக்கு நடந்தது, ஜூரி விடுதலை செய்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரரை இன்னொரு வெள்ளைக்காரர் கைது செய்ய வைத்தார் என்பதே அந்த வட்டாரத்தில் யாரும் கேள்விப்படாதது. ஹார்ன் பயணத்தின்போது ஸ்பென்சர் இவரைச் சந்தித்தார், நண்பர்களானார்கள். கடிதப் போக்குவரத்து பல வருடம் ஓடியது. 1899-ல் இருவர் பெயரிலும் வந்த புத்தகத்தின் பொருளில் பாதிக்கு மேல் கில்லன் விசாரித்துச் சேர்த்தது, எழுத்தும் ஒழுங்கும் ஸ்பென்சருடையது.

1896-ல் நடந்த அந்தச் சடங்கு என்ன? அந்நியர்களை ஏன் அனுமதித்தார்கள்?

எங்க்வூரா என்று பெயர். ஆண்கள் முழு உரிமை பெறும் நீண்ட சடங்குத் தொடர், தந்தி நிலையத்துக்குப் பக்கத்திலேயே நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி வரை போனது. ஸ்பென்சர் கல்லூரி விடுமுறையில் வந்து, சடங்குத் திடலின் ஓரத்தில் ஒரு குடிலில் உட்கார்ந்து இரவு பகலாகக் குறிப்பெடுத்தார். உள்ளே என்ன நடந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அதில் பெரும்பகுதி இன்றைக்கும் அந்த மக்களிடம் எல்லோரும் கேட்கக்கூடாத விஷயம்.

ஏன் அனுமதித்தார்கள் என்பது சுவாரசியமான கேள்வி. வழக்கமான பதில், மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை எல்லாம் கில்லன் கொடுத்தார் என்பது. அது உண்மைதான், அவ்வளவு பேர் அவ்வளவு நாள் ஒரே இடத்தில் கூடினால் வேட்டையை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது. ஆனால் அந்த ஒரு காரணத்தோடு நிறுத்தினால் முதியவர்களை வெறும் மாவுக்கு மசிந்தவர்களாக ஆக்கிவிடுவோம். தூரத்திலிருந்தும் குழுக்களை வரவழைத்து, நெடுநாள் சாப்பாடு போட்டு, மாதக்கணக்கில் பெரிய சடங்கு நடத்த அவர்களுக்கும் அது நல்ல வாய்ப்பு. அதிகாரமுள்ள இரண்டு பேரைத் தங்கள் உறவுமுறைக்குள் இழுத்துப்போட்டால் நாளைக்கு உதவும் என்ற கணக்கும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்கு உறவுமுறைப் பிரிவு ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவருக்குக் கடமையும் வந்துவிடுகிறது, அதைக் கொடுத்தவர்கள் தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

1901-ல் சினிமாவே எடுத்தார்களாமே?

ஆமாம். மெல்பர்னில் 'தி ஏஜ்' பத்திரிகை நடத்திய டேவிட் சைம் 1,000 பவுண்டு கொடுத்தார். அந்தப் பணத்தோடு ஸ்பென்சரும் கில்லனும் 1901 மார்ச்சில் ஊட்னடாட்டாவிலிருந்து கிளம்பினார்கள். கையால் சுற்றும் சினிமா கேமரா ஒன்று, மெழுகு உருளையில் குரல் பதியும் எடிசன் போனோகிராஃப் ஒன்று. ஏப்ரலில் சார்லட் வாட்டர்ஸில் ஆட்டங்களைப் படம் பிடித்தார் ஸ்பென்சர். கேமராவை முக்காலியில் நிறுத்திவைத்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஆடுபவர்கள் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள், புழுதி வேறு. ஆனாலும் படங்களும் குரல்களும் பிழைத்து மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதற்கு முன் 1898-ல் ஹேடன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு டோரஸ் நீரிணைத் தீவுகளில் சில நிமிடப் படம் எடுத்திருந்தது, அவர்தான் ஸ்பென்சரையும் கேமரா எடுத்துப் போகச் சொன்னவர்.

டென்னன்ட் கிரீக்கில் வாருமுங்கு மக்களிடையே நீண்ட நாள் தங்கி, அப்படியே வடக்கே கார்ப்பென்டேரியா வளைகுடாப் பக்கம் பரலூலா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய கப்பல் வரவில்லை. கொசு, வெயில், காய்ச்சல் என்று மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் வேறு கப்பல் வந்து கூட்டிப்போனது.

கூடப் போன உள்ளூர்க்காரர்கள் யார்?

எர்லிகிலியிகா, புருண்டா என்று இரண்டு அரண்டா ஆண்கள். வெள்ளைக்காரர்கள் முதலாமவரை ஜிம் கைட் என்றும் இரண்டாமவரை வாரிக் என்றும் கூப்பிட்டார்கள். புத்தக அட்டையில் இவர்கள் பெயர் இல்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்தப் பயணம் சார்லட் வாட்டர்ஸைத் தாண்டியிருக்காது. தண்ணீர் எங்கே, எந்த ஊருக்குள் எப்படி நுழைய வேண்டும், யாரிடம் முதலில் பேச வேண்டும், அவர் சொன்னதற்கு என்ன பொருள், எல்லாம் அவர்கள் வழியாகத்தான் வந்தது.

எர்லிகிலியிகா நல்ல ஓவியர். பயணத்தில் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டே வந்தார், பின்னால் மென்கல்லில் செதுக்கியும் பெயர் வாங்கி, 1913-ல் அடிலெய்டில் அவர் வேலைப்பாடுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆராய வந்தவர்களை இவர் பக்கத்திலிருந்து ஆராய்ந்திருப்பார். அவர் எழுதிய நாட்குறிப்பு ஒன்று கிடைத்திருந்தால் ஸ்பென்சருடையதை நான் ஓரமாக வைத்துவிடுவேன்.

ஸ்பென்சருக்கும் கில்லனுக்கும் மொழி தெரியுமா?

கில்லனுக்குக் கொஞ்சம், ஸ்பென்சருக்கு அதைவிடக் குறைவு. கொச்சை ஆங்கிலமும் அரைகுறை அரண்டாவும் கலந்துதான் பேசினார்கள். இங்கேதான் கார்ல் ஸ்ட்ரெலோ வருகிறார். 1894-ல் ஹெர்மான்ஸ்பர்க் வந்தவர், அரண்டாவும் பக்கத்து மொழியான லுரிட்ஜாவும் சரளமாகப் பேசுவார், அந்த மொழியிலேயே பிரசங்கம் செய்வார். லோவட்ஜிரா போன்ற மூத்தவர்கள் பாடச் சொல்ல, ஒவ்வொரு சொல்லாக எழுதி, அது பிராங்க்ஃபர்ட்டில் 1907 முதல் 1920 வரை பகுதி பகுதியாக ஜெர்மனில் அச்சானது. ஆனால் பாதிரியார் என்பதால் சடங்கு நடக்கும் இடத்துக்குப் போகமாட்டார். ஆக, ஒரு பக்கம் பார்த்தார்கள், பேச்சு முழுசாகப் புரியவில்லை. இன்னொரு பக்கம் பேச்சு புரிந்தது, பார்க்கவில்லை. இரண்டு தரப்பும் இருபது வருடம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிஷன் ஆட்கள் சொல்வதை நம்பக்கூடாது என்பது ஸ்பென்சரின் வாதம், மொழி தெரியாதவர் மதத்தைப் பற்றி எழுதலாமா என்பது ஸ்ட்ரெலோவின் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சண்டையில் ஸ்ட்ரெலோ தோற்றதற்குக் காரணம் அவர் ஜெர்மனில் எழுதியது, நடுவில் உலகப் போர் வந்தது.

இதற்கு ஐரோப்பாவில் ஏன் அவ்வளவு பரபரப்பு?

அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஒரு கோட்பாட்டு வெறி இருந்தது: மனித சமுதாயம் ஒரே ஏணியில் ஏறி வந்தது, அடிப்படியில் நிற்பவர்களைப் பார்த்தால் மதமும் குடும்பமும் எப்படித் தொடங்கின என்று கண்டுபிடிக்கலாம் என்று. அந்த அடிப்படிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது 1899-ல் ஸ்பென்சர்–கில்லன் புத்தகம் வந்தது. பிரிட்டிஷ் மானுடவியலாளர் ஃப்ரேஸர் அதை அச்சேற்றவே உதவினார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்ஹைம் 1912-ல் மதத்தைப் பற்றி எழுதிய பெரிய நூலுக்கு முக்கிய ஆதாரம் அரண்டா மக்கள்தான், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டு 1913-ல் குலக்குறி (டோட்டம்) பற்றி எழுதியதிலும் இவர்கள் வருகிறார்கள். மூன்று பேரில் ஒருவர்கூட ஆஸ்திரேலியாவில் கால் வைத்ததில்லை.

ஸ்பென்சரும் அந்த ஏணியைக் கடைசிவரை நம்பினார், மனித குலத்தின் குழந்தைப் பருவம் அங்கே தேங்கி நிற்கிறது என்று எழுதினார். அதே ஆள் 1912-ல் வடபுலத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலர் ஆனார், வெள்ளையருக்கும் பூர்வகுடிகளுக்கும் பிறந்த கலப்புப் பிள்ளைகளை முகாம்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். புத்தகத்துக்கும் கொள்கைக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை.

1930-களில் போன அடிலெய்டு குழுக்கள் என்ன செய்தார்கள்?

இது வேறு மாதிரி வேலை. மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் சேர்ந்த குழு. நோய்க்கூற்றியல் பேராசிரியர் கிளீலண்ட், பல் மருத்துவர் கேம்பெல், அருங்காட்சியகத்தின் நார்மன் டின்டேல் ஆகியோர் முக்கியமானவர்கள். பல்கலைக்கழக விடுமுறையில் கிளம்புவார்கள், முன்கூட்டியே சொல்லியனுப்பி மக்களை ஓரிடத்தில் கூட்டுவார்கள், வந்தவர்களுக்கு உணவுப் பொருள். அப்புறம் வரிசை: ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தலை அளவு, பல் அச்சு, ரத்தப் பிரிவு, தலைமுடித் துணுக்கு, புகைப்படம், சிலருக்கு முகத்தில் சுண்ணச்சாந்து பூசி அச்சு. அந்தச் சாந்து இறுகும் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். முன்னே பின்னே தெரியாத ஆட்கள் முகத்தை மூடிவிட்டு நிற்கும்போது அவர்களுக்கு என்ன ஓடியிருக்கும் என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆனால் எல்லாமே அப்படி என்று சொல்லிவிட முடியாது. 1929-ல் ஹெர்மான்ஸ்பர்க்கில், கடும் வறட்சிக் காலத்தில், பலர் மூட்டு வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். காய்கறி இல்லாததால் வரும் ஸ்கர்வி என்று குழுவின் மருத்துவர்கள் எழுதிப் பதிந்தார்கள். 1935-ல் கபோரில்யா ஊற்றிலிருந்து மிஷனுக்குக் குழாய் போட்ட பிறகுதான் அங்கே காய்கறித் தோட்டம் நிலைத்தது.

டின்டேல் விஷயமும் தனி. பூச்சியியலாளராக வேலைக்கு வந்தவர், 1921-22-ல் வடக்கே குரூட் தீவுப் பக்கம் ஒரு முதியவரிடம் பேசியபோது ஒவ்வொரு குழுவுக்கும் தெளிவான நில எல்லை உண்டு என்று தெரிந்துகொண்டார். அதை வரைபடமாகப் போட்டபோது மேலதிகாரி எல்லைக் கோடுகளை எடுக்கச் சொன்னாராம், நாடோடிகளுக்கு ஏது எல்லை என்று. டின்டேல் பிடிவாதமாக ஐம்பது வருடம் தகவல் சேர்த்து 1974-ல் கண்டம் முழுவதற்கும் வரைபடம் வெளியிட்டார். அதில் பிழைகள் உண்டு. ஆனால் "அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற பழைய பேச்சுக்கு அது பெரிய அடி.

பழுப்புத் தாளும் கிரேயானும் கொடுத்து ஆண்களை அவரவர் நிலத்தை வரையச் சொல்வதும் டின்டேலின் வழக்கம். வட்டம் என்றால் நீர்நிலை, கோடு என்றால் முன்னோர் போன வழி. 1971-ல் பப்புன்யாவில் தொடங்கி உலகப் புகழ் பெற்ற பாலைவன ஓவியங்களைப் பார்த்தவர்கள் இந்தத் தாள்களைப் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கானிஸ்டன் படுகொலை பற்றி இவர்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. 1928 ஆகஸ்டில் கானிஸ்டன் மாட்டுப் பண்ணைப் பக்கம் ஃப்ரெட் புரூக்ஸ் என்ற டிங்கோ (காட்டு நாய்) வேட்டைக்காரர் கொல்லப்பட்டார். பதிலுக்கு கான்ஸ்டபிள் மர்ரே தலைமையில் போன கும்பல் வாரக்கணக்கில் வால்பிரி, அன்மாட்ஜிரா, கைட்டிட்ஜ் மக்களைச் சுட்டுக்கொன்றது. அரசுக் கணக்கில் 31 பேர். அந்த மக்கள் சொல்லும் கணக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. விசாரணைக் குழு எல்லாம் தற்காப்பு என்று முடித்துவிட்டது.

மூன்றே வருடம் கழித்து, 1931-ல், அடிலெய்டு குழு காக்கட்டூ கிரீக்கில் முகாம் போட்டது, அதே வட்டாரம். அளவெடுக்க வரிசையில் நின்றவர்களில் தப்பிப் பிழைத்தவர்களும், குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். தலையின் சுற்றளவு மில்லிமீட்டர் வரை பதிந்த குழு இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்று கேட்பது நியாயமான கேள்விதான். 2018-ல், தொண்ணூறாம் ஆண்டு நினைவின்போது, வடபுலக் காவல்துறை ஆணையர் அந்த மக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

பெண்களைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை?

போனவர்கள் ஆண்கள், பேசியது ஆண்களிடம். பாலைவனச் சமூகங்களில் ஆண் சடங்கு வேறு, பெண் சடங்கு வேறு, ஒருவர் மற்றவருடையதைக் கேட்பதே தப்பு. ஆகவே பெண்களுக்குச் சடங்கே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1941-ல் ஊல்டியாவில் கேத்தரின் பெர்ன்ட் பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்தார், 1950-களில் யுண்டுமுவில் நான்சி மன் வால்பிரிப் பெண்கள் மணலில் விரலால் வரைந்து கதை சொல்வதை எழுதினார். அதற்குப் பிறகுதான் பாதி உலகம் விடுபட்டுப்போனது உறைத்தது.

தமிழர்களுக்கும் இவர்களுக்கும் உறவு உண்டாமே?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆராய்ச்சி வரலாற்றில் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அது உறவுமுறை. அமெரிக்கரான மார்கன் 1871-ல் உலக உறவுமுறைகளை ஒப்பிட்டு எழுதியபோது தமிழ் அதில் முக்கிய எடுத்துக்காட்டு: பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண். அவருடைய கேள்விப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஃபைசன் பாதிரியார் பசிபிக்கிலும் ஆஸ்திரேலியாவிலும் உறவுமுறை சேகரிக்கத் தொடங்கினார். அவர் போட்ட பாதையில்தான் ஸ்பென்சரும் கில்லனும் போனார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களிடம் நம்முடையதைப் போலவே மாமன் மகள், அத்தை மகள் திருமண முறை. அரண்டா மக்களிடம் எட்டுப் பிரிவு, அங்கே நேரடி மாமன் மகளையும் கட்ட முடியாது, இன்னொரு படி தள்ளிப்போக வேண்டும். அமைப்பு ஒத்திருப்பதால் ரத்தம் ஒன்று என்று ஆகாது, இதே மாதிரி அமெரிக்காவிலும் உண்டு.

மொழி? கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இன்றைய மொழியியலாளர்கள் யாரும் அந்த உறவை நிறுவவில்லை. வளரியும் பூமராங்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், வளைந்த எறிதடி எகிப்திலும் இருந்தது. மரபணுவைப் பொறுத்தவரை, மதுரைப் பக்கம் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்ட எம்130 என்ற, ஆண் வழியில் வரும் மரபணுக் குறி ஆஸ்திரேலியாவிலும் உண்டு என்பது சரி. அதன் கிளைகள் மங்கோலியாவிலும் உண்டு, பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. 2013-ல் ஒரு ஆய்வு, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆட்கள் போய்க் கலந்ததாகச் சொன்னது. 2016-ல் வந்த விரிவான ஆய்வுகளில் அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. குமரிக்கண்டம் பற்றிக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

ஒட்டகங்களை ஓட்டியவர்கள் நம் ஊர்க்காரர்களா?

அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் போனவர்கள்: பலூச்சிகள், பட்டாணியர், பஞ்சாபிகள். எல்லோரையும் மொத்தமாக "ஆப்கான்" என்றே கூப்பிட்டார்கள். ஊட்னடாட்டா, மாரீ போன்ற ரயில் ஊர்களில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு இருந்தது. பலர் பூர்வகுடிப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள்.

அந்தப் படங்களையும் பொருட்களையும் இணையத்தில் பார்க்கலாமா?

சிலவற்றை மட்டும். இறந்தவர்களின் முகத்தையும் பெயரையும் காட்டுவது பல பூர்வகுடிகளுக்கு வேதனை தரும், அதனால் ஆஸ்திரேலியத் தளங்கள் முன்னெச்சரிக்கை போடும். ரகசியச் சடங்குப் படங்களைப் பொதுவில் வைப்பதில்லை. பழைய புத்தகங்களின் ஸ்கேன்களில் அவை இன்னும் கிடைக்கும், கிடைக்கிறது என்பதற்காகப் பகிர வேண்டாம்.

இதில் விலை கொடுத்தவர் கார்லின் மகன் தியடோர் ஸ்ட்ரெலோ. 1908-ல் ஹெர்மான்ஸ்பர்க்கிலேயே பிறந்து அரண்டாவைத் தாய்மொழி போலப் பேசியவர், 1930-களிலிருந்து முதியவர்கள் நம்பி ஒப்படைத்த பாட்டும் பொருளும் அவரிடம் குவிந்தன. 1978-ல் ரகசியச் சடங்குப் படங்களை ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழுக்கு விற்றார், அதே படங்கள் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றிலும் வந்து அரண்டா ஊர்களிலேயே விற்பனையாயின. அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார், தம் பெயரிலான ஆய்வு அறக்கட்டளையின் தொடக்க விழா அன்றே.

புனிதப் பொருட்கள் இப்போது மெதுவாகத் திரும்புகின்றன. 2019-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகமும் அமெரிக்காவின் இல்லினாய் மாநில அருங்காட்சியகமும் அரண்டா உள்ளிட்ட மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தன.

இந்தப் பதிவுகளால் அந்த மக்களுக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு, எழுதியவர்கள் நினைத்தே பார்க்காத விதத்தில். 1976-ல் வடபுல நில உரிமைச் சட்டம், 1992-ல் "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற வாதத்தை நிராகரித்த மாபோ தீர்ப்பு, 1993-ல் பூர்வ உரிமைச் சட்டம். இவற்றின் கீழ் நிலம் கேட்டால், இந்த இடம் எங்கள் தாத்தாவின் இடம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அங்கே டின்டேலும் ஸ்ட்ரெலோவும் எழுதி வைத்த வம்சாவளிகள் சாட்சியாக நிற்கின்றன. சின்ன வயதில் அரசாங்கம் பிரித்துக்கொண்டு போன பிள்ளைகள், அம்மா யார் என்று தேடி அடிலெய்டு அருங்காட்சியகத்துக்கு வந்து டின்டேலின் அட்டைகளில் பெயரைக் கண்டெடுத்திருக்கிறார்கள். எண் போட்டு எடுத்த அந்தப் புகைப்படம்தான் பல குடும்பங்களிடம் இருக்கும் ஒரே பாட்டி படம்.

தலைமுடித் துணுக்குகளுக்கும் இப்படி ஒரு இரண்டாவது வாழ்வு. அடிலெய்டில் ஆயிரக்கணக்கில் பத்திரமாக இருந்தவற்றில், சந்ததியாரிடம் போய்ச் சம்மதம் கேட்டு, 111 பேருடையதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குழுவும் அவரவர் நிலப்பகுதியிலேயே சுமார் 50,000 ஆண்டுகள் இருந்து வந்திருக்கிறது என்பது முடிவு. கேட்காமல் வெட்டிய முடியை, கேட்டுவிட்டு ஆராய்ந்தார்கள்.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கில்லன் வேலை பார்த்த தந்தி நிலையம் கல் கட்டடமாக அப்படியே இருக்கிறது, காட்சியகம். அங்கே தந்தி அறையைப் பார்ப்பவர்கள் பின்கதையையும் கேட்க வேண்டும்: 1932-க்குப் பிறகு பத்து வருடம் அதே கட்டடங்கள்தான் "பங்களா" என்ற பெயரில், குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட கலப்புப் பிள்ளைகளை அடைத்து வைத்த விடுதி. வழிகாட்டிகளிடம் கேட்டால் சொல்வார்கள். ஹெர்மான்ஸ்பர்க் மிஷனும் பார்க்கலாம், சுமார் 125 கிலோமீட்டர், நல்ல சாலை. ஸ்ட்ரெலோ ஆய்வு மையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் புனிதப் பொருட்கள் காட்சிக்கு இல்லை, அவை அந்தந்த நிலத்தின் மூத்தவர்கள் வந்து கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டப்படும். கோடைக்காலத்தில், அதாவது டிசம்பர், ஜனவரியில் போகாதீர்கள், வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.